நிற்கிற ஸ்லைடு, படுத்த ஸ்லைடு: ஒரு வார மல்லுக்கட்டு

நேற்று சாயங்கால ஒத்திகையில் 31 ஸ்லைடும், ஒரே ஒரு இடம் தவிர, எங்கும் முரண்டு பிடிக்காமல் ஓடி முடிந்தன. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நண்பர் லேபிளில் இருந்த சேகரிப்பு எண்ணைச் சத்தமாக வாசித்தார். அவரால் அதை வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு வாரமாக இந்தப் பவர்பாயிண்ட் கோப்போடு கட்டிப் புரண்டேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் மாட்டுகிறவர்களுக்கு இரண்டு நாளாவது மிச்சமாகும்.

புல் வகைகளைப் பற்றி 20 நிமிடப் பேச்சு. பெரும்பாலும் வழக்கமான அகல ஸ்லைடுகள்தான்: வரைபடம், அட்டவணை, வெளியில் எடுத்த படங்கள். நடுநடுவே ஆறு ஹெர்பேரியம் தாள்கள் வரவேண்டும். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். செடியை அழுத்தி, உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, வழக்கமாக வலது கீழ்மூலையில் ஒரு லேபிள் வைப்பார்கள். எங்கே பறித்தது, எப்போது, யார், சேகரிப்பு எண் என்ன, உயிரோடு இருந்தபோது பூ என்ன நிறம் என்று, செடி காய்ந்தபின் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத எல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கும். என்னிடம் இருந்த தாள்கள் 11.5 அங்குல அகலம், 16.5 அங்குல உயரம். கிட்டத்தட்ட ஏ3. எல்லாமே நிற்கிற தாள்கள், ஒன்றுகூடப் படுத்ததில்லை.

ஸ்கேன்கள் தயாராகவே கிடைத்தன. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஒவ்வொன்றும் 3450 பிக்சல் அகலம், 4950 பிக்சல் உயரம், ஒரு கோப்பு ஆறு எம்பி சொச்சம். (உலர்ந்த செடி ஒட்டிய தாளைக் கவிழ்த்தால் உதிர்ந்துவிடும். அதனால் ஸ்கேனரையே தலைகீழாக மாட்டி, தாளைக் கீழிருந்து உயர்த்தி எடுக்கும் ஏற்பாடு உண்டு. முதலில் கேட்டபோது சிரித்தேன், அப்புறம் மரியாதை வந்தது.)

தாள் நிற்கிறது, ஆகவே ஸ்லைடும் நிற்கட்டும் என்று முடிவுசெய்தேன். 25 ஸ்லைடு லேண்ட்ஸ்கேப் (படுத்தது), 6 ஸ்லைடு போர்ட்ரெய்ட் (நிற்கிறது), எல்லாம் ஒரே கோப்பில். அரைமணி நேர வேலை என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

முதல் நாள் வேர்ட் பழக்கத்தில்தான் ஏமாந்தேன். வேர்டில் செக்ஷன் பிரேக் போட்டால் ஒரு பக்கம் நிற்கும், அடுத்த பக்கம் படுக்கும். பவர்பாயிண்டிலும் செக்ஷன் என்று ஒன்று இருக்கிறதே என்று ஆறு தாள்களையும் தனி செக்ஷனில் போட்டு, டிசைன் தாவலில் ஸ்லைடு சைஸ், அதில் கஸ்டம் ஸ்லைடு சைஸ் திறந்து போர்ட்ரெய்ட்டைத் தேர்ந்தேன். ‘மேக்ஸிமைஸ்’ வேண்டுமா, ‘என்ஷூர் ஃபிட்’ வேண்டுமா என்று கேட்டது. இரண்டாவதை அழுத்தினேன். 31 ஸ்லைடும் எழுந்து நின்றன. அகலமான அட்டவணைகள் சுருங்கிப்போய், மேலும் கீழும் வெற்றிடத்தோடு நடுவில் தொங்கின. கன்ட்ரோல் இசட். திரும்பவும் செய்து, இந்தமுறை ‘மேக்ஸிமைஸ்’. படங்கள் ஸ்லைடின் இரு பக்கமும் வழிந்தன. மறுபடி கன்ட்ரோல் இசட்.

பவர்பாயிண்டில் செக்ஷன் என்பது ஸ்லைடுகளைக் குழுவாக அடுக்கி வைக்கும் உறை மட்டும்தான். அளவும் திசையும் கோப்பு முழுமைக்கும் ஒன்றே. அதே பெட்டியில் இன்னொரு திசைத் தேர்வும் இருக்கிறது. அது குறிப்புப் பக்கங்களுக்கும் கைப்பிரதிக்கும் ஆனது. அதை மாற்றிவிட்டு ஸ்லைடு ஏன் திரும்பவில்லை என்று பத்து நிமிடம் வெறித்துப் பார்த்த கதையை விரிவாகச் சொல்லப்போவதில்லை. கூகுள் ஸ்லைட்ஸிலும் கீநோட்டிலும் பார்த்தேன். அங்கும் ஒரு கோப்புக்கு ஒரு அளவுதான்.

சரி, ஒரு கோப்பில் முடியாது என்றால் இரண்டு கோப்பு. இரண்டாம் நாள் தாள்களை வெட்டி, அகலம் 19.05 செ.மீ., உயரம் 33.867 செ.மீ. என்று புதிய கோப்பு திறந்தேன். வழக்கமான 16:9 ஸ்லைடைத் திருப்பிப் போட்ட அளவு அது. முதன்மைக் கோப்பில் ஒரு பொத்தான் வைத்து, இன்செர்ட் தாவலில் ஆக்ஷன், அதில் ஹைப்பர்லிங்க் டூ, அதில் அதர் பவர்பாயிண்ட் பிரசன்டேஷன். இரண்டாம் கோப்பில் எந்த ஸ்லைடில் தொடங்கலாம் என்றுகூடக் கேட்கிறது. பொத்தானை அழுத்தினால் போர்ட்ரெய்ட் ஸ்லைடு திரையின் நடுவில் நிமிர்ந்து நின்றது, இரண்டு பக்கமும் கறுப்பு. கைதட்டிக்கொள்ளாத குறை.

இந்த வழி ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாகக் காலை வாரியது. முதலில், எந்த ஸ்லைடில் தொடங்கலாம் என்று சொல்ல முடிந்ததே தவிர, எங்கே நிறுத்தி முதன்மைக் கோப்புக்குத் திரும்பலாம் என்று சொல்ல வழி தெரியவில்லை. முதல் தாளைக் காட்டிவிட்டுத் திரும்ப எஸ்கேப் அழுத்த வேண்டும். மறந்து அடுத்ததை அழுத்தினால் பேச்சின் பின்பாதியில் வரவேண்டிய தாள் முன்னாலேயே வந்து நிற்கும். ஆறு தாள்களும் பேச்சில் நான்கு இடங்களில் வருகின்றன. எனவே போர்ட்ரெய்ட் கோப்பை நான்காக உடைத்தேன். இப்போது மொத்தம் ஐந்து கோப்புகள்.

அடுத்தது, கோப்பு முடிந்ததும் வரும் கறுப்பு ஸ்லைடு. ‘முடிந்தது, வெளியேறச் சொடுக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மேலே நிற்கும், அதற்கு ஒரு கூடுதல் சொடுக்கு. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் ஸ்லைடு ஷோ என்ற தலைப்பின் கீழ் ‘எண்ட் வித் பிளாக் ஸ்லைடு’ என்று இருக்கிறது, அந்த டிக்கை எடுத்தால் நேராகத் திரும்பிவிடுகிறது. ஆனால் அது அந்தக் கணினியின் அமைப்பு, கோப்போடு கூடப் போகாது. அரங்கில் வேறு கணினி என்றால் அங்கேயும் போய் அந்த டிக்கை எடுக்க வேண்டும்.

பென் டிரைவில் நகலெடுத்து வேறொரு கணினியில் திறந்தபோது பொத்தான் எதையும் திறக்கவில்லை. இணைப்பு போடும்போது முதன்மைக் கோப்பு ஒரு ஃபோல்டரிலும் தாள்கள் வேறொரு ஃபோல்டரிலும் இருந்தன. ஐந்தையும் முதலில் ஒரே ஃபோல்டரில் வைத்து, சேமித்து, அப்புறம்தான் இணைப்பு போட வேண்டும். நகர்த்தினாலும் அந்த ஃபோல்டரை முழுசாக நகர்த்த வேண்டும். நான்கு இணைப்பையும் அழித்து மறுபடி போட 25 நிமிடம் ஆனது.

இதையெல்லாம் சமாளித்து மூன்றாம் நாள் எழுந்து நின்று ஒத்திகை பார்த்தேன். கையில் கிளிக்கர், அதாவது தூரத்திலிருந்து ஸ்லைடு மாற்றும் கருவி. பொத்தான் இருக்கும் ஸ்லைடு வந்தது, அழுத்தினேன். தாள் வரவில்லை, அடுத்த அகல ஸ்லைடு வந்துவிட்டது. பின்னால் போய் மறுபடி அழுத்தினேன். அதே கதை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் கிளிக்கர் அனுப்புவது பேஜ் டவுன், பேஜ் அப் விசைகளை. அது சுட்டெலி அல்ல, பொத்தானின் மேல் சொடுக்காது. மடிக்கணினி பக்கத்திலேயே நின்று கையால் சொடுக்கினால்தான் இணைப்பு திறக்கும், இல்லையென்றால் டேப் விசையால் பொத்தானுக்குப் போய் என்டர். இரண்டு நாளாக நாற்காலியில் உட்கார்ந்தபடி சுட்டெலியால் சோதித்தவனுக்கு இது எப்படித் தெரியும்? எந்த விஷயத்தையும் அது நடக்கப்போகும் நிலையில் நின்று சோதிக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை பிறருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான்காம் நாள் வேறு வழி பார்த்தேன். இன்செர்ட் தாவலில் ஆப்ஜெக்ட், அதில் கிரியேட் ஃப்ரம் ஃபைல். போர்ட்ரெய்ட் கோப்பை முதன்மைக் கோப்பின் உள்ளேயே புதைத்துவிடலாம். ஸ்லைடில் அதன் முதல் பக்கம் ஒரு படம்போல உட்கார்ந்திருக்கும். அதைத் தேர்ந்து, அனிமேஷன் தாவலில் ஆட் அனிமேஷன், பட்டியலின் அடியில் ‘ஓஎல்இ ஆக்ஷன் வெர்ப்ஸ்’, அதில் ‘ஷோ’. அனிமேஷன் என்பதால் இதற்குச் சுட்டெலி தேவையில்லை, அடுத்து என்று கிளிக்கர் சொன்னாலே போதும். அழுத்தினேன், தாள் முழுத்திரையில் எழுந்தது. மறுபடி அழுத்தினேன், முதன்மைக் கோப்புக்குத் திரும்பியது.

இங்கே நிறுத்தியிருந்தால் தலைப்பில் சொன்ன வேலை முடிந்தது என்றே சொல்லலாம். நிற்கிறதும் படுத்ததும் ஒரே கோப்பில், ஒரே கிளிக்கரில். யாருக்காவது கண்டிப்பாகக் கலந்தே தீரவேண்டும் என்றால் நான் சொல்வது இந்த வழியைத்தான், இணைப்பு வழியை அல்ல. இரண்டு எச்சரிக்கை மட்டும். புதைத்தபின் மூலக் கோப்பில் செய்யும் திருத்தம் உள்ளே வராது. லிங்க் பெட்டியை டிக் செய்தால் வரும், ஆனால் பழைய ஃபோல்டர் தொல்லையும் கூடவே வரும். இன்னொன்று, தொகுக்கும்போது அந்தப் படத்தை இரட்டைச் சொடுக்கு சொடுக்காதீர்கள். உள்கோப்பு திருத்த நிலையில் திறந்துகொள்ளும். நான் அப்படி ஒருமுறை ஓரத்தை இழுத்து, படத்தின் விகிதத்தையே கெடுத்து, அழித்துவிட்டு மறுபடி புதைத்தேன். கோப்பு 9 எம்பியிலிருந்து 47 எம்பி ஆனது.

ஆனால் அன்று மாலை நண்பரைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் காட்டியதும் அவர் சொன்னது ஒரே வரி: “தாள் நல்லா இருக்கு, ஆனா லேபிள்ல என்ன எழுதியிருக்கு?”

எழுந்துபோய்ப் பின்னால் நின்று பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. நான்கு நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்லைடு எந்தத் திசையில் நிற்கிறது என்பதை. திரையில் என்ன தெரிகிறது என்பதை ஒருமுறைகூட அளக்கவில்லை. அன்றிரவு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புரொஜெக்டர் 1920-க்கு 1080 பிக்சல். 9:16 போர்ட்ரெய்ட் ஸ்லைடு அதில் 1080 உயரத்துக்கு நிற்கும்போது அதன் அகலம் 607 பிக்சல்தான். திரையின் பரப்பில் 32 சதவீதம்கூட இல்லை, மீதி கறுப்பு. அந்த 607-க்குள்தான் தாள். அகலம் 607-ஐத் தாண்ட முடியாததால் தாளின் உயரம் 871 பிக்சல்தான், மிஞ்சிய இடம் தலைப்புக்கு. லேபிளின் நிஜ அகலம் 11 செ.மீ., அது திரையில் 229 பிக்சல். ஒரு வரியில் சராசரியாக 40 எழுத்து. ஓர் எழுத்துக்கு ஆறு பிக்சலுக்கும் குறைவு. நண்பரின் கண்ணில் பழுதில்லை.

அடுத்த கணக்குதான் என்னை நாற்காலியில் சாயவைத்தது. இதே தாளைச் சாதாரண அகல ஸ்லைடில், தலைப்பு எதுவும் இல்லாமல், மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை வைத்தால்? உயரம் 1080, அகலம் 753 பிக்சல். போர்ட்ரெய்ட் ஸ்லைடில் இருந்ததைவிடப் பெரிது! நிற்கிற படத்தை நிற்கிற ஸ்லைடில் போட்டு அதைச் சின்னதாக்கியிருக்கிறேன். திரை திரும்புவதில்லை. உயரம் எப்படியும் 1080-ஐத் தாண்டாது. போர்ட்ரெய்ட் ஸ்லைடு செய்வதெல்லாம் பக்கத்தில் இருக்கும் இடத்தைப் பூட்டிவைப்பது மட்டும்தான்.

எழுத்துக்கும் இதே கதி. போர்ட்ரெய்ட் ஸ்லைடின் 33.867 செ.மீ. உயரம், அகல ஸ்லைடின் 19.05 செ.மீ. நிற்கும் அதே திரை உயரத்துக்குள் அடங்கவேண்டும். எல்லாம் 0.5625 மடங்காகச் சுருங்குகிறது. நான் போட்டிருந்த 24 பாயிண்ட் தலைப்பு, பக்கத்து அகல ஸ்லைடின் 13.5 பாயிண்டுக்குச் சமம். இரண்டும் மாறி மாறி வரும்போது எழுத்து ஏன் குதிக்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன், காரணம் இதுதான். 18 பாயிண்ட் போலத் தெரிய அங்கே 32 போடவேண்டும். கலந்துதான் ஆகவேண்டும் என்கிறவர்கள் இந்த ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகல ஸ்லைடின் எழுத்தளவை 16-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் போர்ட்ரெய்ட் ஸ்லைடுக்கான அளவு.

ஐந்தாம் நாள் காலையில் புதைத்ததையெல்லாம் தோண்டி எடுத்து அழித்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

புதிய திட்டம் எளிது. எல்லா ஸ்லைடும் அகலம். முதலில் தாள் முழு உயரத்துக்கு இடது பக்கத்தில்: 19.05 செ.மீ. உயரம், 13.3 செ.மீ. அகலம். வலது பக்கம் மிச்சமிருக்கும் 20 செ.மீ.யில் செடியின் பெயரும் இரண்டு வரியும். அடுத்த ஸ்லைடில் அதே தாள் பெரிதாகி, லேபிள் திரை நடுவுக்கு வரவேண்டும். இரண்டுக்கும் இடையில் மார்ஃப் டிரான்சிஷன். முழுத்தாள் தெரிவதும், கேமரா நெருங்குவதுபோல மூலைக்குப் போவதும் கண்ணுக்கு ஒரே அசைவாக இருக்கும். அகலத் திரையில் உயரமான பொருளைக் காட்ட, பொருளைத்தான் நகர்த்தவேண்டும்.

செய்யும் விதம்: தாள் இருக்கும் ஸ்லைடைத் தேர்ந்து கன்ட்ரோல் டி, நகல் வரும். நகலில் படத்தைத் தேர்ந்து அகலப் பெட்டியில் எண்ணைத் தட்டச்சினேன். இழுத்துப் பெரிதாக்குவதைவிட இது நல்லது, விகிதம் பூட்டியிருந்தால் உயரம் தானாக வரும். எந்த எண்? லேபிளை 24 செ.மீ. அகலத்துக்குக் கொண்டுவர விரும்பினேன். அதன் நிஜ அகலம் 11, எனவே 2.18 மடங்கு. தாளின் நிஜ அகலம் 29.2 செ.மீ., ஆகவே படத்தின் அகலம் 63.7 செ.மீ. உயரம் 91 செ.மீ.யைத் தாண்டியது. ஸ்லைடைவிடப் பெரிய படத்தை வைக்கலாமா என்று தயங்கினேன், தாராளமாக வைக்கலாம், வெளியே வழிவது காட்சியில் தெரியாது. எடிட் திரையில் மட்டும் போர்வைபோல எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். பார்வையை 25 சதவீதத்துக்குச் சுருக்கினால் பிடித்து நகர்த்த முடிகிறது. அப்புறம் டிரான்சிஷன் தாவலில் மார்ஃப், நேரம் 1.75 விநாடி. 1 விநாடியில் தலை சுற்றியது, 3 விநாடியில் கொட்டாவி வந்தது.

முதல் தாளை இப்படிச் செய்து ஓட்டிப் பார்த்தேன். அசைவு அருமை. லேபிள் மட்டும் மங்கல், தண்ணீரில் நனைந்த காகிதம்போல. ஸ்கேனைத் தனியாகத் திறந்தால் கூர்மையாக இருக்கிறது. ஸ்லைடில் அதே படம் மங்குகிறது. மார்ஃபைத்தான் குறை சொன்னேன். அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன், மங்கல் போகவில்லை. புரொஜெக்டரின் குவியத்தைத் திருகினேன். இந்தத் தடத்தில் ஒன்றரை மணி நேரம் போனது.

காரணம் கோப்பின் எடையில் ஒளிந்திருந்தது. ஆறு ஸ்கேன் சேர்த்தாலே 36 எம்பிக்கு மேல் வரவேண்டும், ஆனால் சேமித்த கோப்பு 15-ஐத் தொடவில்லை. சேமிக்கும்போது பவர்பாயிண்ட் படங்களைச் சத்தமில்லாமல் சுருக்குகிறது. என் பதிப்பில் அது 220 பிபிஐ என்று இருந்தது. அதாவது ஸ்லைடில் படம் எந்த அளவில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 220 பிக்சல் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வீசிவிடும். என் தாள் 7.5 அங்குல உயரத்தில் இருந்தபோது சேமித்தேன். 4950 பிக்சல் 1650 ஆகிவிட்டது. மறுநாள் அதைப் பெரிதாக்கியபோது லேபிளில் மிச்சமிருந்தது 433 பிக்சல், அதைத் திரையில் 1361 பிக்சலுக்கு இழுத்திருக்கிறேன். மூன்று மடங்கு இழுத்தால் எது மங்காது?

ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி. அங்கே ‘படங்களைச் சுருக்காதே’ என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. இது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி. தலைப்புக்குப் பக்கத்தில் எந்தக் கோப்பு என்று ஒரு சின்னப் பட்டியல் காட்டும், அதைக் கவனிக்க வேண்டும். டிக் போட்டால் மட்டும் போதாது, ஏற்கெனவே வீசப்பட்ட பிக்சல் திரும்ப வராது. ஆறு படத்தையும் அழித்துவிட்டு மூல ஸ்கேனிலிருந்து மறுபடி செருகினேன். கோப்பு 46 எம்பி. லேபிள் பளிச்சென்று வந்தது. மூல ஸ்கேனில் லேபிளின் அகலம் 1299 பிக்சல், திரையில் 1361. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. 300 டிபிஐ ஸ்கேன் இந்த வேலைக்குச் சரியாகத் தொட்டும் தொடாமலும் போதுமானது. இன்னும் நெருங்கிச் சிறுகதிரைக் காட்ட நினைத்தால் 600 வேண்டும்.

மீதி ஐந்து தாள்களும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தன. கற்றுக்கொள்ளத்தான் நாலரை நாள்.

ஒரு சின்னத் திருத்தம். முழுத்தாள், பெரிதான லேபிள் என்று போனபின் அடுத்த அகல ஸ்லைடுக்குத் தாவும்போது பார்க்கிறவர்களுக்கு இடம் தப்பிப்போகிறது. எனவே ஒவ்வொரு தாளுக்கும் மூன்றாவதாக, முழுத்தாளுக்கே திரும்பும் ஸ்லைடு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சலிப்பாக இருந்தது, நேரமும் தின்றது. முதல் தாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் எடுத்துவிட்டேன். 31 என்று சொன்னது தாளை ஒன்றாக எண்ணி. பெரிதாக்கிய நகல்களையும் சேர்த்தால் கோப்பில் 38 இருக்கும். அரங்கின் கணினியில் மிகப் பழைய பவர்பாயிண்ட் என்றால் மார்ஃப் வேலை செய்யாது, ஒன்று மங்கி அடுத்தது தெரியும் சாதாரண ஃபேடாக மாறிவிடும். லேபிள் அப்போதும் பெரிதாகத்தான் தெரியும், அசைவுதான் போகும். அதற்கு நான் கவலைப்படவில்லை.

கைப்பிரதி வேலை பாக்கி இருந்தது. பேச்சு முடிந்ததும் ஒரு கோப்பு அனுப்பவேண்டும், சிலர் அச்சிடுவார்கள். திரைக்காகச் செய்த பெரிதாக்கிய லேபிள் ஸ்லைடுகளைக் காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அச்சில்தான் தாள் நிற்கவேண்டும். முதல் நாள் ஆசைப்பட்ட கலவைக்கு இங்கே வேலை வந்தது. பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் தன் அளவைத் தானே சுமக்கும், பக்கத்துக்குப் பக்கம் மாறினால் அதற்கு ஒரு குறையும் இல்லை. அகல ஸ்லைடுகளை ஒரு பிடிஎஃப்பாக எடுத்தேன், தாள்களுக்கு ஒரு ஏ4 போர்ட்ரெய்ட் கோப்பு செய்து அதை இன்னொரு பிடிஎஃப்பாக எடுத்தேன். பிடிஎஃப் அரேஞ்சர் என்ற இலவச நிரலில் இரண்டையும் திறந்து, பக்கங்களை இழுத்து இழுத்து உரிய இடத்தில் விட்டேன். பத்து நிமிடம்.

அதிலும் ஒரு சறுக்கல். ஸ்லைடு சைஸ் பட்டியலில் இருக்கும் ஏ4-ஐ நம்பித் தேர்ந்தேன். அச்சில் விளிம்பு ஒத்துப்போகவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் அந்தத் தேர்வு கொடுத்திருந்தது 19.05-க்கு 27.517 செ.மீ. ஏ4 என்றால் 21-க்கு 29.7. பெயர் மட்டும்தான் ஏ4. கஸ்டமில் எண்ணைக் கையால் போட்டதும் சரியானது. அச்சிடுகிறவர்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன்: அச்சுப் பெட்டியில் திசையைத் தானியங்கி என்று வைக்கவும். போர்ட்ரெய்ட் என்று கட்டாயப்படுத்தினால் படுத்த பக்கங்கள் அஞ்சல்தலையாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கலந்த பிடிஎஃப்பை அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோல் எல் அழுத்தி முழுத்திரையில் ஓட்டியும் பார்த்தேன். கிளிக்கரின் பேஜ் டவுனுக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிகிறது, நிற்கிற பக்கம் நிற்கிறது, படுத்தது படுக்கிறது. அனிமேஷன் இல்லை, பேசுகிறவருக்கான குறிப்புத் திரை இல்லை. அவை தேவையில்லாத பேச்சு என்றால் புதைக்கும் வேலை, இணைக்கும் வேலை எதுவும் வேண்டாம், நேராக இதுவே போதும். முதல் நாளே இது தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்திருந்தால் லேபிள் வாசிக்க முடியாத தாளோடு நேராக அரங்குக்கே போயிருப்பேன் என்பதும் உண்மை.

இனி என்றால் முதல் வேலையாகக் காட்டவேண்டிய மிகச் சின்ன எழுத்தை அளந்து, அது திரையில் எத்தனை பிக்சல் வரும் என்று பார்ப்பேன். படத்தைச் செருகுவதற்கு முன்பே சுருக்காதே என்ற டிக்கைப் போடுவேன். கிளிக்கரைக் கையில் எடுக்காமல் எதையும் சோதிக்க மாட்டேன். கோப்பு முழுவதையும் போர்ட்ரெய்ட்டாக வைப்பது, திரையையே நிமிர்த்தி மாட்டியிருக்கும் இடத்துக்கு மட்டும். அங்கே 19.05-க்கு 33.867 அளவு கச்சிதமாகப் பொருந்தும், மல்லுக்கட்டவே வேண்டாம்.

ஆறாவது தாள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அந்தப் புல் தாளைவிட உயரம். அதனால் ஒட்டியவர் தண்டை இரண்டு இடத்தில் மடித்து, ஆங்கில ‘N’ எழுத்து வடிவில் வைத்திருக்கிறார், வேர் ஒரு மூலையில், கதிர் எதிர் மூலையில். ஹெர்பேரியத்தில் இது பழைய வழக்கம். நான் காட்ட நினைப்பது வேரையும் கதிரையும் ஒருசேர. ஒன்றுக்கு நெருங்கினால் இன்னொன்று திரைக்கு வெளியே போகிறது. தற்போதைக்கு ஒரே படத்தின் இரண்டு நகல்களை எடுத்து, ஒன்றில் வேரை மட்டும், மற்றதில் கதிரை மட்டும் கத்தரித்து, அகல ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முழுத்தாளிலிருந்து இந்த இரண்டுக்கும் மார்ஃப் போகும்போது படம் ஒரு நொடி கண்டபடி நெளிகிறது. நாளை காலை அந்த ஒரு இடத்தில் மட்டும் மார்ஃபை எடுத்துவிட்டு ஃபேட் போட்டுப் பார்க்கவேண்டும்.